தருக்கம் எழுதத் தமிழ் போதுமா?

(புதுச்சேரித் தவளக்குப்பத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தலைப்பில் தருக்கம் என்ற சொல்லைப் பார்த்ததும், கரும்பலகையில் அம்புக்குறிகளும் தலைகீழ் எழுத்துகளும் வரப்போகின்றன என்று சிலர் நினைத்திருக்கலாம். அவை வராது. இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது ஓர் ஒப்பந்தம். 1956 மே 28 அன்று இந்தியாவும் பிரான்சும் கையெழுத்திட்டு, 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம். புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் ஆகிய நான்கையும் சட்டப்படி இந்தியாவோடு சேர்த்தது இதுதான். நிர்வாகம் 1954 நவம்பர் 1 அன்றே கைமாறிவிட்டது, கொடியும் மாறிவிட்டது. ஆனால் இங்கே வாழ்ந்த மனிதர்கள் எந்த நாட்டவர் என்ற கேள்விக்கு எழுத்தில் விடை நடைமுறைக்கு வர ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் பிடித்தன. அந்த விடை ஒப்பந்தத்தின் 4 முதல் 8 வரையிலான பிரிவுகளில் இருக்கிறது. சொல்தா குடும்பங்கள் என்று நாம் அழைக்கிற, பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர்களின் வீடுகளில் இன்றுவரை அந்தப் பிரிவுகளின் நிழல் உண்டு.

அந்தப் பிரிவுகளைத் தமிழில் எழுத வேண்டும். கணினி அதைப் படித்து முடிவுக்கு வர வேண்டும். இதே ஊரில் இருக்கும் ஒருவர் அதே வரிகளைப் படித்து, "இது சரியில்லையே" என்று மறுக்கவும் முடிய வேண்டும். இது நடக்குமா என்பதுதான் இன்றைய கேள்வி.

கேள்வி புதிதல்ல. 1879-இல் ஃப்ரேகே நவீன தருக்கத்துக்கு ஒரு குறியீட்டு முறையை உருவாக்கினார். கிளை கிளையாகப் பக்கம் முழுதும் படர்ந்த அந்தக் குறியீட்டை அவர் காலத்துக் கணித அறிஞர்களே படிக்க மறுத்தார்கள். பிறகு வந்தவர்கள் கருத்தை எடுத்துக்கொண்டு குறியீட்டைக் கைவிட்டார்கள். குறியீடு துல்லியமாக இருந்தால் மட்டும் போதாது, யாராவது படிக்கவும் வேண்டும்.

1972-இல் மார்செய் நகரில் அலேன் கோல்மரோவும் பிலிப் ரூசெலும் புரோலாக் என்ற நிரல்மொழியை உருவாக்கினார்கள். பிரெஞ்சு வாக்கியங்களைக் கணினிக்குப் புரியவைக்க வேண்டும் என்பதே அதன் முதல் நோக்கம். அதன் கோட்பாட்டு அடித்தளத்தில் ராபர்ட் கொவால்ஸ்கிக்குப் பெரும் பங்கு உண்டு. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் அவரும் மாரெக் செர்காட், ஃபரீபா சாத்ரி முதலானோரும் 1981-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டத்தை எடுத்து, அதன் பிரிவுகளைப் புரோலாக் விதிகளாக எழுதினார்கள். 1986-இல் வெளிவந்த அந்தக் கட்டுரை இத்துறையில் ஒரு மைல்கல். அதில் என்னை ஈர்த்தது கணினியைவிடச் சட்டத்தின் மொழி. சட்டத்தை எழுதுகிறவர்கள், யாராவது திரித்துவிடுவார்களோ என்ற பயத்திலேயே, ஏற்கெனவே பாதி தருக்கமாகத்தான் எழுதுகிறார்கள். மீதிப் பாதியை வெளியே கொண்டுவருவதுதான் வேலை.

கொவால்ஸ்கி அதற்குப் பிறகும் விடவில்லை. அண்மை ஆண்டுகளில் 'தருக்க ஆங்கிலம்' என்று ஒன்றை வகுத்திருக்கிறார். பார்வைக்கு வெறும் ஆங்கிலம், உள்ளே புரோலாக். சூரிச் பல்கலைக்கழகத்தில் நோர்பர்ட் ஃபுக்ஸ் குழு 1990-களிலிருந்து வளர்த்த 'அட்டெம்ப்டோ' ஆங்கிலமும் இதே இனம். பிரான்சில் டெனி மெரிகூவும் தோழர்களும் 'கத்தாலா' என்ற மொழியை உருவாக்கி, சட்டத்தின் ஒவ்வொரு பிரிவுக்கும் பக்கத்திலேயே அதற்கான விதியை எழுதுகிறார்கள். சட்ட வல்லுநரும் நிரலாளரும் ஒரே தாளைப் பார்த்துச் சண்டை போடலாம். ஏட்டிலே ஒன்றும் கணினியிலே ஒன்றுமாக இருப்பதைவிட அது நல்லது.

இதை அடியோடு எதிர்த்தவர்களும் உண்டு. அவர்களில் மிகப் பெரியவர் டைக்ஸ்ட்ரா. இயல்மொழியில் நிரல் எழுதும் ஆசையை அவர் 1978 வாக்கில் மடமை என்றே தலைப்பிட்டு எழுதினார். குறியீடு நமக்குச் சுமை அல்ல, பாதுகாப்பு என்பது அவர் வாதம்: இயல்மொழியில் அபத்தத்தை நமக்கே தெரியாமல் சொல்லிவிட முடியும், குறியீட்டில் அது அவ்வளவு எளிதல்ல. இந்த வாதத்தை நான் ஏறக்குறைய முழுதும் ஏற்கிறேன். ஒன்றைத் தவிர. அவர் மனத்தில் இருந்த வாசகர் இன்னொரு நிரலாளர். குடியுரிமை விதியின் வாசகர் அவர் அல்ல. அந்த விதியால் வாழ்க்கை மாறிப்போகிறவர்தான் அதன் வாசகர். அவருக்குப் படிக்கத் தெரியாத குறியீட்டில் அவருடைய தலைவிதியை எழுதினால், அது எத்தனை துல்லியமாக இருந்து என்ன பயன்?

சரி, தமிழுக்கு வருவோம். இந்த வேலைக்குத் தமிழ் எவ்வளவு ஒத்துழைக்கும்?

"எல்லாரும் வரவில்லை" என்று ஒருவர் சொல்கிறார். ஒருவர்கூட வரவில்லை என்கிறாரா, சிலர் வந்தார்கள் சிலர் வரவில்லை என்கிறாரா? பேசும்போது குரல் காட்டிக்கொடுத்துவிடும். எழுத்தில் காட்டிக்கொடுக்க யாருமில்லை. "ஒவ்வொரு கொம்யூனிலும் ஓர் அதிகாரி கையெழுத்து வாங்கினார்" என்றால், எல்லாக் கொம்யூனுக்கும் (பிரெஞ்சுக்கால உள்ளாட்சிப் பிரிவுக்கும்) போனது ஒரே அதிகாரியா, கொம்யூனுக்கு ஒருவரா? இதற்கு அட்டெம்ப்டோ முரட்டுத்தனமாக ஒரு வழி வைத்திருக்கிறது: வாக்கியத்தில் எது முதலில் வருகிறதோ அதுவே ஓங்கி நிற்கும். 'ஒவ்வொரு கொம்யூனிலும்' முதலில் வந்ததால் கொம்யூனுக்கு ஓர் அதிகாரி. ஒரே அதிகாரி என்று சொல்ல விரும்பினால் அவரை முன்னால் கொண்டுவந்து எழுது. இந்த விதியைத் தமிழுக்கும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். சொற்களை இடம் மாற்றத் தமிழ் தாராளமாக இடம் தருகிறது.

'உம்' பெரிய தலைவலி. தொல்காப்பியம் இடையியலில் உம்மைக்கு எட்டுப் பொருள் சொல்கிறது: எச்சம், சிறப்பு, ஐயம், எதிர்மறை, முற்று, எண், தெரிநிலை, ஆக்கம். இலக்கியத்துக்கு இது செல்வம். தருக்கம் எழுதுகிறவனுக்கு எட்டில் இரண்டுதான் வேண்டும்: எண்ணும்மையும் முற்றும்மையும். 'தந்தையும் தாயும்' என்றால் இருவரும் சேர்ந்தா, தனித்தனியாகவா? 'தந்தையும் அறிவிக்கலாம்' என்றால் தாயும் அறிவிக்கலாம் என்ற குறிப்பு அங்கே ஒளிந்திருக்கிறதே, அதை விதியாகக் கொள்வதா? நான் செய்த முடிவு: விதித்தமிழில் (விதி எழுத நான் வரையறுத்துக்கொண்ட தமிழை அப்படி அழைக்கிறேன்) உம்மைக்கு வேலை இல்லை. நிபந்தனைகளைச் சேர்க்க வரியின் தொடக்கத்தில் 'மேலும்' மட்டும். எல்லாவற்றையும் குறிக்க 'ஒவ்வொரு' மட்டும். ('மேலும்' என்பதிலேயே ஓர் உம் இருக்கிறது என்று தமிழாசிரியர்கள் சிரிப்பது தெரிகிறது. அதை விட்டுவிடுங்கள்.)

'அவர்' என்ற சொல்லையும் எடுத்துவிட வேண்டும். தந்தை, பிள்ளை, அதிகாரி மூவரும் வரும் வாக்கியத்தில் 'அவர்' யார்? தருக்க ஆங்கிலம் இதற்கு எளிய உத்தி ஒன்றைக் கையாள்கிறது. முதல் முறை 'ஓர் ஆள்', அடுத்தடுத்து 'அந்த ஆள்'. தமிழில் இது இயல்பாகவே பொருந்தும். கதை சொல்கிற பாட்டி "ஒரு ஊர்ல ஒரு ராஜா... அந்த ராஜாவுக்கு" என்றுதானே சொல்கிறாள்!

அடுத்தது, வாக்கியத்தின் வரிசை. தமிழில் வினை கடைசியில் வரும். நிபந்தனைகள் எல்லாம் முன்னால் நிற்கும். நான்கு நிபந்தனைகளைத் தாங்கிக்கொண்டு ஐந்தாவது வரியில் முடிவுக்கு வந்து சேர்வதற்குள் வாசகர் களைத்துவிடுவார். அரசாணைத் தமிழைப் படித்தவர்களுக்கு இந்தக் களைப்பு தெரியும். பேச்சுத் தமிழ் இதற்கு வழி கண்டுபிடித்து வெகுகாலம் ஆகிறது. "அவனுக்குப் பணம் கிடைக்கும், எப்போன்னா..." என்று முடிவை முன்னால் போட்டுவிட்டு, நிபந்தனைகளை ஒவ்வொன்றாக அடுக்குகிறோம். நானும் அதையே எடுத்துக்கொண்டேன்.

வரையறுத்த தமிழில் தருக்கம் எழுதுவது நாம் புதிதாகச் செய்வதும் அல்ல. மணிமேகலையின் 29-ஆம் காதையில் காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவையியல் கற்பிக்கிறார். பக்கம், ஏது, திட்டாந்தம் என்று உறுப்புகளைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வரக்கூடிய போலிகளை எண்ணிக் காட்டுகிறார்: பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10. வடமொழிப் பௌத்தத் தருக்க நூலான நியாயப் பிரவேசத்தோடு ஒத்துப்போகும் பட்டியல் இது. குறியீடு எதுவும் இல்லை. சொற்களின் பொருளை இறுக்கிக் கட்டி, வாக்கியத்துக்கு ஒரே அச்சைக் கொடுத்து, தமிழையே குறியீடாக்கியிருக்கிறார்கள். காப்பியத்தை ரசித்துப் படிக்கிறவர்கள் பலர் இந்தக் காதையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கோ நூல் முழுவதிலும் இதுவே துணிச்சலான பகுதியாகத் தோன்றுகிறது.

இனி ஒப்பந்தம். நான்காம் பிரிவின் சாரத்தை விதித்தமிழில் இப்படி எழுதலாம்:

ஓர் ஆள் இந்தியக் குடியுரிமை பெறுகிறார், எப்போது என்றால்:
அந்த ஆள் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்;
மேலும், அந்த ஆள் பிரெஞ்சிந்தியப் பகுதிக்குள் பிறந்தவர்;
மேலும், அந்த ஆள் 1962 ஆகஸ்ட் 16 அன்று அப்பகுதிக்குள் குடியிருந்தவர்;
மேலும், அந்த ஆள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொண்டார் என்று காட்டப்படவில்லை.

ஐந்தாம் பிரிவு விலக்கைத் தருகிறது:

ஓர் ஆள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்கிறார், எப்போது என்றால்:
அந்த ஆள் எழுத்தில் ஓர் அறிவிப்புக் கொடுத்தார்;
மேலும், அந்த அறிவிப்பின் தேதி 1962 ஆகஸ்ட் 16 முதல் ஆறு மாதத்துக்குள் வருகிறது.

ஆறாம் பிரிவு, இங்கே பிறந்து இந்தியாவின் மற்ற பகுதியில் குடியிருந்தவர்களுக்கானது. அவர்களும் இந்தியர் ஆவார்கள். அதே விலக்கு அவர்களுக்கும் உண்டு. ஏழாம் பிரிவு, இங்கே பிறந்து வேறு நாட்டில் குடியிருந்தவர்களுக்கானது. சைகோனிலோ பாரிசிலோ இருந்தவர்கள் பிரெஞ்சுக்காரராகவே தொடர்வார்கள். இந்தியராக விரும்பினால் எட்டாம் பிரிவின்படி அறிவிப்புக் கொடுக்க வேண்டும்.

நான்கு, ஆறு, ஏழு ஆகிய மூன்று பிரிவுகளின் விதிகளையும் அடுத்தடுத்து எழுதியதும் ஒரு விஷயம் கண்ணில் படுகிறது. மூன்றிலும் 'பகுதிக்குள் பிறந்தவர்' என்ற வரி இருக்கிறது. அப்படியானால் பகுதிக்கு வெளியே பிறந்தவர்?

இந்த ஊர்க்காரர்களுக்கு இது வெறும் கற்பனைக் கேள்வி அல்ல. கடலூர்ச் சாலையில் தெற்கே போனால் முள்ளோடையோடு புதுச்சேரி முடிந்து தமிழ்நாடு தொடங்கிவிடுகிறது. பாகூர்ப் பக்கம் எந்த வயல் எந்த அரசின் கீழ் என்று வெளியூர்க்காரருக்கு விளங்கவே விளங்காது. பிரெஞ்சு எல்லைக்குள் வாழ்க்கைப்பட்ட பெண்ணுக்குத் தாய்வீடு கடலூர்ப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். குழந்தை பிரிட்டிஷ் மண்ணில் பிறக்கிறது. தந்தை வழியில் அது பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குழந்தை. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ தொட்டிலோடு இங்கே வந்து, இங்கேயே வளர்ந்து ஆளாகிறது. 1962-இல் ஒப்பந்தம் அந்த மனிதரைத் தொடவே இல்லை. நான்கும் இல்லை, ஆறும் இல்லை, ஏழும் இல்லை. பிரான்ஸ் தரப்பில் இந்த மௌனத்துக்குக் கொண்ட பொருள், ஒப்பந்தம் தொடாதவர்களின் பிரெஞ்சுக் குடியுரிமை அப்படியே தொடர்கிறது என்பது. ஆக, ஒரே தாய் தகப்பனுக்கு, தாய்வீட்டில் பிறந்த அண்ணன் அறிவிப்பு எதுவும் கொடுக்காமலே பிரெஞ்சுக்காரர். இங்கே வீட்டில் பிறந்த தம்பி, அறிவிப்பு இல்லையென்றால், இந்தியர். வழக்கறிஞர்கள் இதை வழக்குகள் வந்த பிறகு கண்டுகொண்டார்கள். விதியாக எழுதியிருந்தால் எழுதிய அன்றே தெரிந்திருக்கும். மூன்று வரிகளை ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்தாலே போதும்.

ஐந்தாம் பிரிவில் பிள்ளைகளைப் பற்றிய பகுதி இதைவிடச் சுவையானது. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட, திருமணமாகாத பிள்ளைகளின் குடியுரிமையைத் தந்தையின் அறிவிப்பு முடிவு செய்யும்; தந்தை இறந்திருந்தால் தாயினுடையது; இருவரும் இல்லையென்றால் சட்டப்படியான காப்பாளருடையது. பதினாறு வயதுக்கு மேற்பட்ட, திருமணமான ஆண்பிள்ளைகள் தாங்களே தேர்ந்துகொள்ளலாம். படித்துக்கொண்டு போனால் எல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது. விதியாக எழுதிப் பாருங்கள். திருமணமான பதினேழு வயதுப் பெண்ணை எந்த வரியில் வைப்பது? திருமணம் ஆகிவிட்டதால் தந்தையின் அறிவிப்பு அவளைச் சேராது. தானே தேர்ந்துகொள்ளும் உரிமையை ஆண்பிள்ளைகள் என்று பெயர் சொல்லிக் கொடுத்திருக்கிறது. 1962-இல் பதினேழு வயதில் மணமான பெண்கள் இந்த வட்டாரத்தில் அரிதா என்ன?

இங்கே இரண்டு வாசிப்புகள் சாத்தியம். ஐந்தாம் பிரிவின் முதல் வாக்கியம் அனைவருக்கும் தேர்வுரிமை கொடுக்கிறது. அவளும் அதில் அடக்கம், ஆண்பிள்ளைகள் பற்றிய வரி ஐயத்தைத் தீர்க்க மட்டுமே வந்தது என்பது ஒன்று. ஆண்களுக்கென்று தனியாகச் சொன்னதாலேயே மற்றவர்களுக்கு இல்லை என்று பொருள் என்பது மற்றொன்று. தருக்கத்தில் இது பழைய சிக்கல்: 'இருந்தால்' என்பதா, 'இருந்தால் மட்டுமே' என்பதா? "மழை வந்தால் வரமாட்டேன்" என்று நண்பன் சொன்னால், மழை இல்லையென்றால் வருவான் என்றே எடுத்துக்கொண்டு காத்திருப்போம். அவன் அப்படிச் சொல்லவே இல்லை. பேச்சில் நாம் 'ஆல்' விகுதியை இரண்டு பக்கமும் திறக்கும் கதவாகக் கேட்டுப் பழகியிருக்கிறோம். விதித்தமிழில் அது ஒரு பக்கம்தான் திறக்கும். இந்த வகைத் தமிழின் பெரிய ஆபத்தும் இதுவே: படிக்கிறவர் தனக்குத் தெரிந்த தமிழைப் படிப்பதாகவே நினைத்துக்கொள்கிறார். கணிதக் குறியீட்டைப் பார்த்தால் குறைந்தபட்சம் 'எனக்குப் புரியவில்லை' என்றாவது தெரியும். டைக்ஸ்ட்ராவுக்கு இந்த இடத்தில் நான் கடன்பட்டிருக்கிறேன்.

பிள்ளைகளின் பெயர்களை அறிவிப்பில் குறிப்பிட வேண்டும் என்றும் ஒப்பந்தம் சொல்கிறது. ஒரு தந்தை ஐந்து பிள்ளைகளில் நால்வரை எழுதி, கைக்குழந்தையை விட்டுவிட்டார். குறிப்பிடுவது நிபந்தனையா, கடமையா? நிபந்தனை என்றால் அந்தக் குழந்தை இந்தியக் குழந்தை. கடமை என்றால் குழந்தை பிரெஞ்சுதான். தந்தை வேலையைச் சரியாகச் செய்யவில்லை, அவ்வளவே. 'வேண்டும்' என்ற தமிழ்ச்சொல் இரண்டையும் தாங்கும். விதி எழுதுகிறவர் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். 'வேண்டும்' என்று எழுதிவிட்டுத் தப்பிக்க முடியாது. பதினெட்டு வயது என்பது எந்தத் தேதியில்? ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த அன்றா, தந்தை கையெழுத்துப் போட்ட அன்றா? நவம்பரில் பதினெட்டு முடிந்த பையனுக்கு இது முக்கியம்.

முதல் விதியின் கடைசி வரியை மறுபடி பாருங்கள். 'தக்கவைத்துக்கொள்ளவில்லை' என்று நான் எழுதவில்லை. 'என்று காட்டப்படவில்லை' என்றே எழுதினேன். கணினிக்கு இல்லாதது எது என்று தெரியாது; கிடைக்காதது எது என்றுதான் தெரியும். தேடிக் கிடைக்கவில்லையென்றால் இல்லை என்று கொள்வதை 1978-இல் கீத் கிளார்க் முறைப்படி ஆராய்ந்தார். புரோலாக்கின் 'இல்லை' அந்த வகைதான். அறுபது ஆண்டுக்கு முந்தைய அறிவிப்புத் தாள் கரையான் அரித்துப் போயிருந்தால், விதி அந்தக் குடும்பத்தை இந்தியர் என்றே சொல்லும். சொல்லட்டும். ஆனால் எந்த அடிப்படையில் சொன்னது என்பது அந்த வரியிலேயே வெளிப்படையாக இருக்கிறது. 'இல்லை' என்று மட்டும் எழுதியிருந்தால், தாள் தொலைந்ததும் அறிவிப்பே கொடுக்காததும் ஒன்றாகிவிடும். படிக்கத்தக்க குறியீடு என்பதற்கு நான் கொடுக்கும் விலை இந்த ஒரு சொல்லின் நீளம்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது ஐந்தாம் பிரிவின் இன்னொரு வாக்கியம். தேர்வுரிமையைப் பயன்படுத்திக்கொண்டவர் இந்தியக் குடியுரிமையை எப்போதுமே பெறாதவராகக் கருதப்படுவார் என்கிறது அது. ஒருவர் 1963 ஜனவரி 10 அன்று அறிவிப்புக் கொடுக்கிறார். 1962 டிசம்பர் 1 அன்று அவர் யார்? டிசம்பர் 1 அன்றே கேட்டிருந்தால், இந்தியர் என்பதே சரியான விடை. 1963 பிப்ரவரியில் அதே டிசம்பர் நாளைப் பற்றிக் கேட்டால், பிரெஞ்சுக்காரர் என்பதே சரியான விடை. கேட்ட நாள் மாறியதால், கடந்துபோன நாளின் உண்மையே மாறுகிறது. பழைய தருக்கத்தில் ஒருமுறை நிறுவியது நிறுவியதுதான். புதுச் செய்தி வந்தால் பின்வாங்கும் பழக்கம் அதற்கு இல்லை. கொவால்ஸ்கியும் செர்காட்டும் 1986-இல் நிகழ்ச்சிகளையும் காலத்தையும் கையாளும் ஒரு கணக்கியலை வகுத்ததற்கு இப்படிப்பட்ட சிக்கல்களும் ஒரு காரணம். நம் விதித்தமிழிலும் வெறும் 'அன்று' போதாது. ஒவ்வொரு வரியிலும் இரண்டு தேதி வேண்டும்: 'இந்த நாள்வரை தெரிந்தபடி, அந்த நாளில்'. எழுத அலுப்பாக இருக்கும். ஆனால் வரியின் பொருளைக் கேட்டால் எந்த நகராட்சி எழுத்தருக்கும் புரியும்.

ஆகவே தமிழ் போதுமா என்றால், படிக்கப் போதும் என்பேன். எழுத அது மட்டும் போதாது. நான்கு வரி விதியை யாரும் படித்துவிடலாம். அந்த நான்கு வரியை எழுத உம்மையைத் துறந்து, 'அவர்' என்பதைத் துறந்து, 'வேண்டும்' என்பதைச் சந்தேகித்துப் பயிற்சி எடுத்தாக வேண்டும். இயல்மொழி என்பதால் எவரும் எழுதிவிடலாம் என்று விற்கப்படும் கருவிகளை நான் நம்புவதில்லை.

மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டு இறங்குகிறேன். 1881 செப்டம்பர் 21 ஆணையை எடுத்துக்கொள்ளுங்கள். இருபத்தொரு வயதான ஒருவர் தம் பழைய தனிநிலைச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமைச் சட்டத்தின் கீழ் வர வழி செய்த ஆணை அது. துறந்தால் திரும்ப முடியாது. அப்படித் துறந்தவர்களின் வழிவந்த ரெனோன்சான் குடும்பங்கள் புதுச்சேரியில் இன்றும் இருப்பதால் அது செத்த காகிதம் அல்ல. துறந்தவரின் மனைவியும் வயதுவராத பிள்ளைகளும் அவரோடு சேர்ந்தே வருவார்கள் என்கிறது அந்த ஆணை. இதை 'ஓர் ஆள்', 'அந்த ஆள்' என்று விதித்தமிழில் எழுதிப் பாருங்கள். துறந்த பிறகு அவர் மணந்த பெண் இந்த விதிக்குள் வருகிறாளா? துறந்த அன்று இருபது வயதான மகன், மறு ஆண்டு இருபத்தொன்று ஆனதும் எந்தச் சட்டத்தில் இருக்கிறான்? எந்த வரி அப்படிச் சொல்கிறது என்று விரலை வைத்துக் காட்டுங்கள்.